கலோஷா

ரப்பர் மேல்ஜோடு ஒட்டும் பசைக்காகக் காய்ச்சி எடுத்ததாம்,
அதனால்தான் அந்தப் பெயர்.
கரகோல் சந்தையில் பூட்டும் ஆணியும் விற்கும் கடையில்
அரை லிட்டர் புட்டிகளில் தண்ணீர்போல நிற்கும்.
ஒரு சொட்டு வாங்கிப் பழைய ரசீதின்மேல் விடுவேன்.
நூறு எண்ணுவதற்குள் காகிதம் அதை மறந்துவிட்டால்
இருபது புட்டி கொடு என்பேன்.
கறை நின்றால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன்.
அவரும் பார்ப்பார்.

பனியாற்றை அளப்பவர்களுக்குச் சமைப்பவள் நான்.
ஆறு பேர், பதினோரு நாள்,
மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
அந்தக் குளிரில் காஸ் உருளைக்கு மூச்சு வாங்கும்.
ஸ்பிரிட் நல்ல குணம், சத்தமே போடாது,
பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது
(என் இடது புருவத்துக்குத் தெரிந்தது),
ஆனால் ஆறு பேருக்குப் பனியை உருக்கிக் கஞ்சி வைப்பதற்குள்
சாயங்காலம் ஆகிவிடும்.
மண்ணெண்ணெய் சிந்தினாலும் சட்டென்று பற்றாது.
மூட்டும்முன் கிண்ணத்தைச் சூடாக்கிக்
கொஞ்ச நேரம் கெஞ்ச வேண்டும், அது பரவாயில்லை.
மூன்று வருடம் முன்பு மூடி கசிந்து மாவுச் சாக்கில் இறங்கியது.
ஒன்பது நாள் அந்த ரொட்டிதான்.
ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
பத்தாம் நாள் ஜெங்கிஷ்பெக் மட்டும் ஏப்பம் விட்டுத்
தீப்பெட்டியைத் தள்ளி வை என்றார்.

இந்த வருடம் எனக்குப் பல்வலி.
சந்தைக்கு எமில் போனான், வண்டி ஓட்டுபவன், புதியவன்.
எங்கள் கேனிலேயே ஊற்றி வாங்கி வந்தான்.
பல்லில் வைத்த கற்பூரச் சொட்டு மூக்கெல்லாம் ஏறியிருந்தது,
மோந்து பார்த்து என்ன பயன்.
காகிதத்தில் விட்டேன். காய்ந்தது. கறை இல்லை.
சரி என்றேன்.

முதல் இரவே தீ மஞ்சளாக ஆடியது.
உயரம், என்று நினைத்தேன்.
இரண்டாம் நாள் பம்ப் தளர்ந்து கைக்குப் பிடி கொடுக்கவில்லை.
பிரித்தால் உள்ளே வாஷர்
ஊறவைத்த கொண்டைக்கடலை.

கலோஷா தீர்ந்துவிட்டது, என்றான் எமில்.
இதுவும் அதைப் போலத்தான், இன்னும் சுத்தம் என்றார்கள்,
விலையும் குறைவு.
என்ன பெயர்?
பெயர் இல்லை, எண்தான். அறுநூற்று நாற்பத்தாறு.

என் வீட்டுக் கதவின் பழைய பச்சைப் பெயின்டை
அதை ஊற்றித்தான் உரித்திருந்தேன்.
திட்ட வாயெடுத்தேன்.
பல் விடவில்லை.

மாற்று வாஷர் ஒன்றே ஒன்று, தையல் டப்பாவில் இருந்தது.
கீழே மேய்ச்சலில் துர்துபுபு; அவளிடம் ஒரு மோட்டார் சைக்கிள்.
எமில் மூன்று மணி நேரம் இறங்கினான்,
ஐந்து மணி நேரம் ஏறினான்,
டேங்கிலிருந்து வாயால் உறிஞ்சிய ஐந்து லிட்டர் பெட்ரோலோடு.
என் வண்டி நாலு ஸ்ட்ரோக், எண்ணெய் கலக்கவில்லை,
பயப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.
அவன் உதடு வெந்திருந்தது.
ஆட்டுக்கொழுப்பு தடவிவிட்டேன்.
நன்றி என்றான். அதற்கும் பதில் சொல்லவில்லை நான்.

பெட்ரோல் வேலை செய்யும், அழுக்குப் பிடித்தது.
அடுப்பின் சின்னத் துளை தினம் இரண்டு தரம் அடைத்துக்கொள்ளும்,
மெல்லிய கம்பியால் குத்திக் குத்தி,
கூடாரத்துக்கு வெளியே, காற்றுக்கு முதுகைக் கொடுத்து,
மிச்ச நாளெல்லாம்.
பானையின் அடி ஜெங்கிஷ்பெக்கின் தொப்பி நிறத்துக்கு வந்தது.

ஏழாம் நாள் அளவுக்கம்புக்குப் போனார்கள்.
போன வருடத்தைவிட இரண்டு மீட்டர் பத்து
அதிகமாக வெளியே நின்றிருந்தது.
ஜெங்கிஷ்பெக் இரண்டு முறை டேப்பைப் பிடித்தார்,
எண்ணைக் குறித்துக்கொண்டார்,
தேநீர் இருக்கிறதா என்றார்.
பனி வெட்டப் போனேன்,
கம்பிலிருந்து தள்ளி, அவர் காட்டிய இடத்தில்.

என் குறிப்பேட்டில் அடுத்த வருடத்துக்கு:
வாஷர் நான்கு.
பல்லைப் பிடுங்கிவிட வேண்டும்.
சந்தைக்கு எமிலையும் கூட்டிப் போகலாம், ரசீது அவன் பிடிக்கட்டும்.
அறுநூற்று நாற்பத்தாறு, எட்டு லிட்டர்
அப்படியே திரும்பி வந்துவிட்டது.
கதவின் உள்பக்கம் இன்னும் பச்சைதான்.